மணலில் புதையும், கரிசலில் வழுக்கும்: டிராக்டர் டயரின் பிடிமானத்தைக் கூட்டும் வழிமுறைகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரே டிராக்டர் ஒரு வருடத்துக்குள் மூன்று விதமான தரையில் ஓட வேண்டியிருக்கிறது. ஆடி, ஆவணியில் புழுதி உழவு. ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்த கரிசலும் களியும். மண்டபம், உச்சிப்புளி, ராமேசுவரம் பக்கம் வந்தால் வருடம் முழுவதும் கடலோர மணல். இந்த மூன்றிலும் ஒரே டயர், ஒரே காற்று, ஒரே எடையோடு ஓட்டுவதால்தான் வண்டி புதைகிறது, டீசல் வீணாகிறது, டயர் தேய்கிறது. சில நேரம் உயிரிழப்பும் நேர்கிறது.

வண்டி இழுக்கவில்லை என்றதும் "குதிரைத்திறன் போதவில்லை, பெரிய வண்டி வாங்க வேண்டும்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே வண்டி நகராமல் நிற்கிறது என்றால் இன்ஜினுக்குச் சக்தி இருக்கிறது என்றுதான் பொருள். அந்தச் சக்தியைத் தரையில் இறக்குவதற்கு டயருக்குப் பிடிமானம் இல்லை. பிடிமானத்தைக் கூட்டுவதற்குப் பெரும் செலவு தேவையில்லை. தரை எது என்று பார்த்து, அதற்கு ஏற்ப காற்றையும் எடையையும் மாற்றத் தெரிந்தால் போதும்.

மணலும் களியும் ஒன்றல்ல

மண்ணின் உறுதி இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, துகளும் துகளும் உரசுவதால் வரும் உராய்வு. மற்றது, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் பிணைப்பு. பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் 1773-ல் பாரீஸ் அறிவியல் கழகத்தில் வைத்த கட்டுரையில் விளக்கிய இந்தக் கருத்துதான் இன்றும் டிராக்டர் இழுவைக் கணக்கின் அடிப்படை.

காய்ந்த மணலில் பிணைப்பு கிடையாது, உராய்வு மட்டும்தான். மேலிருந்து அழுத்தும் எடை கூடினால் பிடிப்பும் கூடும். ஆனால் எடை கூடும்போது சக்கரம் உள்ளே இறங்கவும் செய்யும். அதனால் மணலில் முதலில் டயரின் தடத்தை அகலமாக்க வேண்டும். எடை சேர்ப்பது அதற்குப் பிறகுதான்.

ஈரக் களிமண்ணில் நிலைமை வேறு. அங்கே உராய்வு மிகக் குறைவு, பிணைப்பு மட்டும்தான் தாங்குகிறது. எடையைக் கூட்டினால் பிடிப்பு கூடாது, வண்டி புதைவதுதான் நடக்கும். களியில் பிடிப்பு வேண்டுமென்றால் மண்ணைப் பற்றும் பரப்பைக் கூட்ட வேண்டும். கேஜ் வீல் அந்த வேலையைத்தான் செய்கிறது.

பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசலில் பழகிய டிரைவர் உச்சிப்புளி மணலுக்கு வந்து திணறுவதும், மணலில் பழகியவர் கரிசலில் சிக்குவதும் இதனால்தான்.

சறுக்கலை அளந்து பாருங்கள்

சக்கரம் எவ்வளவு சறுக்குகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். ஒரு சாக்பீஸும் அளவு நாடாவும் இருந்தால் பத்து நிமிடத்தில் அளந்துவிடலாம்.

1. பின் டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கோடு தரையைத் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நடுங்கள்.

2. அதே வயலில், கலப்பையைத் தூக்கிய நிலையில், உழும் கியரிலேயே வண்டியை நேராக ஓட்டச் சொல்லுங்கள். சக்கரம் சரியாக 10 சுற்று முடித்த இடத்தில் இன்னொரு குச்சியை நட்டு, இடைப்பட்ட தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

3. அடுத்து கலப்பையை இறக்கி, வழக்கமான ஆழத்தில் உழுதபடி அதே 10 சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்கவும்.

4. முதல் தூரத்தில் இருந்து இரண்டாவது தூரத்தைக் கழித்து, முதல் தூரத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் சறுக்கல் சதவீதம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, சுமையில்லாமல் 40 மீட்டர், உழும்போது 34 மீட்டர் என்றால் வித்தியாசம் 6 மீட்டர். சறுக்கல் 15 சதவீதம்.

கெட்டியான நிலத்தில் 10 முதல் 12 சதவீதம் வரை சறுக்கல் இருப்பது இயல்பு. இளகிய மண்ணிலும் மணலிலும் 15 சதவீதம் வரை போகலாம். 20 சதவீதத்தைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட்டு ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும். சறுக்கல் 5 சதவீதத்துக்கும் கீழே இருந்தாலும் நல்லதல்ல. தேவைக்கு மேல் எடையைச் சுமந்துகொண்டு ஓடுகிறீர்கள், அந்த எடை மண்ணை இறுக்கும்.

வாடகைக்கு ஓட்டுபவர்களும், வாடகைக்கு எடுப்பவர்களும் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். சறுக்கல் 10 சதவீதமாக இருக்கும்போது 5 மணி நேரத்தில் முடியும் உழவு, சறுக்கல் 25 சதவீதமானால் 6 மணி நேரம் எடுக்கும். ஒரு மணி நேர வாடகையும் டீசலும் டயர் தேய்மானமும் எந்தப் பயனும் இல்லாமல் போகிறது.

காற்றழுத்தம்: முதலில் செய்ய வேண்டியது

டயரில் காற்றைக் குறைத்தால் தரையைத் தொடும் தடம் நீளமாகும். அதிக பட்டன்கள் ஒரே நேரத்தில் மண்ணைப் பிடிக்கும். (டயர் மேல் சாய்வாகப் புடைத்திருக்கும் ரப்பர் கட்டைகளைத்தான் டிரைவர்கள் பட்டன் என்கிறார்கள்.) எடையும் பரவுவதால் வண்டி புதைவது குறையும்.

நம் பகுதியில் அதிகம் ஓடும் 35 முதல் 50 குதிரைத்திறன் டிராக்டர்களில் பின் டயருக்கு வயல் வேலையில் பொதுவாக 12 முதல் 14 பி.எஸ்.ஐ. போதும். டிரெய்லர் இழுத்துச் சாலையில் போகும்போது 16 முதல் 20 வரை தேவைப்படும். துல்லியமான அளவு டயரின் அளவையும் சுமையையும் பொறுத்தது. வண்டியோடு வந்த கையேட்டில் அந்த அட்டவணை இருக்கும். அதில் சொல்லியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. போனால் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து, டியூபின் வால்வு அறுந்துவிடும்.

நடைமுறையில் பலரும் வயலிலும் சாலையிலும் ஒரே அழுத்தத்தில்தான் ஓட்டுகிறார்கள். சாலைக்காக நிரப்பிய காற்றோடு மணலில் இறங்கினால் டயர் உருண்டையாக நின்று கத்தி போல வெட்டிக்கொண்டு இறங்கும். வயலுக்காகக் குறைத்த காற்றோடு பாரம் ஏற்றிச் சாலையில் ஓடினால் டயரின் பக்கச்சுவர் மடிந்து, சூடேறி, வெடிக்கும். எனவே காற்றளவு பார்க்கும் கேஜ் ஒன்றையும், பேட்டரியில் இயங்கும் காற்று பம்ப் அல்லது கால் பம்ப் ஒன்றையும் வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது. டயர் சூடாக இருக்கும்போது அழுத்தம் கூடுதலாகக் காட்டும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் சீமைக் கருவேல முள் என்ற தனிப் பிரச்சினையும் உண்டு. முள்ளுக்குப் பயந்தே காற்றை அதிகமாக வைக்கிறோம் என்று விவசாயிகள் சொல்வதுண்டு. காற்றைக் கூட்டுவதால் முள் குத்துவது நிற்காது. கருவேலம் அகற்றிய நிலத்தில் முதல் உழவுக்கு முன் முள் கிளைகளையும், தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அடிக்கட்டைகளையும் பொறுக்கி எடுப்பதுதான் வழி. பட்டன் தேய்ந்த பழைய டயரில் முள் எளிதாக ஏறும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

எடை: எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது

காய்ந்த நிலத்தில் கொத்துக் கலப்பை, சட்டிக் கலப்பை போன்ற பாரமான இழுவை வேலைக்குப் பின் சக்கரத்தில் எடை வேண்டும். இரும்பு எடைத் தட்டுகளை மாட்டலாம், அல்லது டியூபில் தண்ணீர் நிரப்பலாம். தண்ணீர் நிரப்பும்போது வால்வை மேல்பக்கம் கொண்டுவந்து, வால்வு மட்டம் வரை மட்டும் நிரப்ப வேண்டும். அப்போது டியூபில் முக்கால் பங்கு தண்ணீரும் கால் பங்கு காற்றும் இருக்கும். முழுவதும் நிரப்பினால் டயர் கல் போலாகி அதிர்வைத் தாங்காது.

கனடா போன்ற பனி நாடுகளில் குளிர்காலத்தில் சாலையில் விழுந்த பனியை டிராக்டரால் தள்ளுகிறார்கள். அங்கே டயருக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஊற்றும் பழக்கம் உண்டு. வழுக்காமல் இருக்க டயரின் மேல் இரும்புச் சங்கிலியும் கட்டுவார்கள். இணையக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே அதைச் செய்ய வேண்டியதில்லை. நமக்கு உறைபனி கிடையாது. உப்புக் கரைசல் கசிந்தால் ரிம்மை அரித்துவிடும். அதே காரணத்தால் கடலோர ஊர்களில் உவர்ப்பான கிணற்று நீரையும் டியூபில் ஊற்ற வேண்டாம், நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

சேற்று உழவுக்கும், மழைக்குப் பிந்தைய கரிசலுக்கும் இதற்கு நேர் மாறாகச் செய்ய வேண்டும். எடைத் தட்டுகளைக் கழற்றுங்கள், டியூபில் இருக்கும் தண்ணீரை இறக்குங்கள். சேற்றில் ரோட்டவேட்டர் ஓட்டும்போது அதன் கத்திகளே வண்டியை முன்னால் தள்ளும் என்பதால் பின் எடை தேவைப்படாது.

கரிசலிலும் களியிலும்: பதம் முக்கியம்

மாவட்டத்தின் சராசரி மழை ஏறத்தாழ 800 மி.மீ. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. மானாவாரி நெல்லை மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் வழக்கம் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பகுதிகளில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மழை முந்திக்கொண்டால் உழவு முடியாத வயலில் வண்டியை இறக்கச் சொல்லி நெருக்கடி வரும். அந்த அவசரத்தில்தான் வண்டிகள் புதைகின்றன.

வயலில் இறங்குவதற்கு முன், உழும் ஆழத்தில் இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். இடுப்பு உயரத்தில் இருந்து போட்டால் உருண்டை உதிர்ந்தால் பதம் சரி. உதிராமல் அப்பம் போலத் தட்டையானாலோ, கையில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ ஓரிரு நாள் பொறுப்பதுதான் லாபம். ஈரம் மிகுந்த கரிசலில் சறுக்கும் சக்கரம் மண்ணை மெழுகிவிடும். அந்த மெழுகிய அடுக்கு காய்ந்ததும் கட்டியாகி, அடுத்து வரும் மிளகாய், பருத்தியின் வேரைத் தடுக்கும்.

நீர் கட்டிய சேற்று வயலுக்குக் கேஜ் வீல் பொருத்தமானது. டயரோடு சேர்த்து மாட்டும் அரை கேஜ் வீல், டயரைக் கழற்றிவிட்டு மாட்டும் முழு கேஜ் வீல் என்று இரண்டு வகை உண்டு. சேறு ஆழமில்லாத வயலுக்கு அரை கேஜ் வீலே போதும். கேஜ் வீலோடு தார்ச் சாலையில் ஓட்டக் கூடாது. சாலை பாழாகும், அபராதமும் விதிக்கப்படலாம். வயல் வரை டிரெய்லரில் ஏற்றிச் சென்று வரப்பில் வைத்து மாட்டுங்கள். வருடம் முழுவதும் சேற்று வேலையே செய்யும் வண்டி என்றால், சாதாரண டயரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உயரப் பட்டன் கொண்ட நெல் வயல் டயர் கிடைக்கிறது. அதைச் சாலையில் அதிகம் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கோடையில் கண்மாயில் கரம்பை மண் அள்ளும்போதும் கவனம் வேண்டும். மேலே வெடித்துக் காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். இறங்கும் பாதையை முதலில் ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி எளிதாக இறங்கும் இடத்தில் பாரத்தோடு போக வேண்டாம். போகும் தடத்தில் பனை மட்டை அல்லது சீமைக் கருவேல விறகைப் பரப்பினால் சக்கரத்துக்குத் தாங்கல் கிடைக்கும். முள்ளை வெட்டிவிட்டுப் பரப்ப வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடலோர மணலில் ஓட்டும் முறை

மணல் ஈரமாக இருக்கும் அதிகாலையிலும் மழைக்கு மறுநாளும் கெட்டியாக இருக்கும். தென்னந்தோப்புக்கு உரம் ஏற்றுவது, தேங்காய் வெளியேற்றுவது போன்ற வேலைகளை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

* காற்றைக் கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கிவிட்டு மணலில் இறங்குங்கள்.
* இரண்டாவது கியரில், குறைந்த ஆக்சிலரேட்டரில், கிளட்சை மெதுவாக விட்டுக் கிளம்புங்கள்.
* புறப்பட்ட பிறகு நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் சரிவைப் பார்த்து இறங்குமுகமாக நிறுத்துங்கள்.
* திரும்பும்போது அகலமாகத் திரும்புங்கள். ஒரு பக்க பிரேக்கை மட்டும் அழுத்தித் திருப்பினால் அந்தச் சக்கரம் குழி தோண்டும்.
* டிரெய்லரில் பாதி பாரம் மட்டும் ஏற்றுங்கள். இரு சக்கர டிரெய்லரின் எடையில் ஒரு பங்கு டிராக்டரின் பின் சக்கரத்தில் இறங்கும் என்பதால், மணலில் நான்கு சக்கர டிரெய்லரைவிட அது மேல்.
* சக்கரம் சுற்ற ஆரம்பித்த உடனே நிறுத்துங்கள். புதிய, உயரமான பட்டன் மணலைத் தோண்டும் மண்வெட்டி போன்றது. மணல் வேலைக்குச் சற்றுத் தேய்ந்த டயரே மேல்.

டிஃபரன்ஷியல் லாக்கைச் சறுக்கல் தொடங்குவதற்கு முன்பே, சக்கரம் நிற்கும் நிலையில் போட வேண்டும். ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றும்போது போட்டால் பற்கள் உடையும். போட்ட நிலையில் திருப்பக் கூடாது.

பாதையை மூடும் மணலைத் தள்ளும்போது

முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரையிலான சாலை 2017-ல் திறக்கப்படும் முன், தனுஷ்கோடிக்கு மணலிலேயே வேன்களும் ஜீப்புகளும் ஓடின. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரை அப்படித்தான் மக்கள் போய்ப் பார்த்தார்கள். சாலை வந்த பிறகும் மணல் விட்டபாடில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடற்கரை மணல் பறந்து வந்து சாலையில் குவிகிறது. கடலோரத் தோப்புப் பாதைகளிலும் இதே தொல்லைதான். பனி நாட்டு விவசாயி பனியைத் தள்ளுவது போல நாம் மணலைத் தள்ள வேண்டியிருக்கிறது. ஒரு பெரிய வித்தியாசம், புதிதாக விழுந்த பனி மிக லேசானது. காய்ந்த மணலோ ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1,600 கிலோ இருக்கும்.

எனவே முன்பக்கம் லோடர் மாட்டிய டிராக்டரில் அரை கனமீட்டர் மணலை அள்ளினாலே 800 கிலோ முன் அச்சில் ஏறுகிறது. பின் சக்கரம் லேசாகி வழுக்கும், பிரேக்கும் பிடிக்காது. இதற்குப் பின்பக்க மூன்று புள்ளி இணைப்பில் எடைப் பெட்டி மாட்ட வேண்டும். வாளியை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு நகரக் கூடாது. குவியலை ஒரேயடியாகத் தள்ளாமல் மெல்லிய அடுக்குகளாகத் தள்ளி, வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். வண்டி முடிந்தவரை சுத்தம் செய்த கெட்டித் தரையிலேயே நிற்கட்டும்.

தள்ளிய மணலைக் காற்று வரும் பக்கம் கொட்டினால் மறுநாளே திரும்பி வந்துவிடும். தென்மேற்குக் காற்று காலத்தில் பாதையின் வடகிழக்குப் பக்கம் கொட்டுங்கள். ஆனால் ஐப்பசிக்குப் பிறகு காற்று திசை மாறும் என்பதால் அங்கே குவியலாக விடாமல் பரப்பிவிட வேண்டும். காற்று வரும் பக்கம் பனையோலைத் தட்டி கட்டினால் பாதிக்கு மேல் வேலை மிச்சம். மணல் மேட்டில் படர்ந்திருக்கும் அடப்பங்கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் பிளேடால் வழிக்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். ஆமைகள் முட்டையிடும் கடற்கரைப் பகுதிக்குள் வண்டியை இறக்கவும் கூடாது.

உப்பு மணலில் வேலை முடிந்த அன்றே ரிம், பிரேக் டிரம், நட்டுகள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் வையுங்கள். கடலோர வண்டிகளில் டயருக்கு முன் ரிம்தான் போகிறது.

புதைந்த வண்டியை எடுக்கும்போது உயிர் முக்கியம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பகுதியை வையுங்கள்.

வண்டி புதைந்ததும் பின் சக்கரத்தோடு மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி, ஆக்சிலரேட்டரை அழுத்துவதை நம் ஊர்களில் பார்க்கலாம். கட்டை மண்ணில் மாட்டிச் சக்கரம் நின்றுவிட்டால், சுற்ற வேண்டிய சக்தி முழுவதும் டிராக்டரின் முன்பகுதியை மேலே தூக்கும். அச்சைச் சுற்றி வண்டியே புரண்டு ஓட்டுநர் மேல் விழும். இது ஒன்றரை வினாடிக்குள் முடிந்துவிடும். முன் சக்கரம் எழும்புவதைப் பார்த்துக் கிளட்சை மிதிப்பதற்குக்கூட நேரம் இருக்காது. இழுக்கும் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே, இருக்கைக்கு அருகே கட்டினாலும் இதே ஆபத்துதான்.

சரியான முறை இது. இன்ஜினை நிறுத்தி, கலப்பையையோ டிரெய்லரையோ கழற்றுங்கள். சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்ணைத் தோண்டிச் சரிவாக்குங்கள். சக்கரத்தில் கட்டாமல், தடத்தில் பலகையோ மட்டையோ போடுங்கள். முதலில் பின்னோக்கி, வந்த தடத்திலேயே எடுக்க முயலுங்கள். பின்னோக்கி வரும்போது முன்பகுதி எழும்பும் ஆபத்து குறைவு. இரண்டு முறை முயன்றும் வரவில்லை என்றால் இன்னொரு டிராக்டரைக் கெட்டித் தரையில் நிறுத்தி, அதன் கீழ்க் கொக்கியில் கட்டி மெதுவாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது சங்கிலி அருகில் யாரும் நிற்கக் கூடாது. மட்கார்டில் ஆள் உட்காரக் கூடாது.

புதைந்த வண்டியை எடுக்க அரை நாள் ஆனாலும் பரவாயில்லை. ஒரு நாள் உழவு தள்ளிப்போனால் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம்.

வண்டி, கேஜ் வீல், ரோட்டவேட்டர் சொந்தமாக இல்லாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் பதிவு செய்து வாடகைக்குப் பெறலாம். பதிவு செய்யும்போதே உங்கள் நிலம் மணலா, கரிசலா, ஈரம் எப்படி என்று சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற கருவியோடு வண்டி வரும். டயரில் காற்றும் அதற்கேற்ப இருக்கிறதா என்று வயலில் இறங்கும் முன் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.